கண்ணாடியில் கீறல் இல்லை

எருமப்பட்டி,
12-10-1936.

மகாராஜராஜஸ்ரீ குழந்தைவேல் அவர்களுக்கு,

பாவாயி எழுதிக்கொள்வது. இங்கே தம்பி மாரியப்பனும் அவன் மனைவி மக்களும் சுகம். உங்கள் சுகமும் அத்தையின் சுகமும் எனக்குத் தெரியவில்லை. நலமாகவே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சேலத்தை விட்டு வந்து மூன்று வருஷமாக எழுதாதவள் இப்போது எதற்காக எழுதுகிறாள் என்று யோசிக்க வேண்டாம். ஒரு லென்ஸைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். லென்ஸைத் தெரிந்தவர் எனக்கு உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான் இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். நாமக்கல்லில் இருந்த மிஷன் டாக்டரம்மா சீமைக்குத் திரும்பிப் போகும்போது, தன் பித்தளைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியை முக்காலியோடு எங்கள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். என்னைவிட அது கொஞ்சம்தான் குட்டை. நட்சத்திரம், நிலா என்று கண்டதையெல்லாம் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அதையெல்லாம் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

சனிக்கிரகத்தைச் சுற்றி ஒரு வளையம் உண்டு என்று பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. டாக்டரம்மாவும் சிறு வயதில் பார்த்தேன் என்றார். அந்த நம்பிக்கையில் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தேன். போன வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த கையோடு பத்துப் பேர் வந்துவிட்டார்கள். சனியைப் பார்த்தால் ஆகாது என்று பயந்தவர்கள்கூட வந்தார்கள். குழாயை அந்தப் பக்கம் திருப்பினால் வெறும் உருண்டை. பட்டாணி அளவு மஞ்சள் உருண்டை. வளையம் இல்லை. மணியக்காரர் வெங்கடாசலம் கண்ணை எடுத்துவிட்டு, "என்னுங்க டீச்சர், சனிக்கு மோதிரம் போட்டுக் காட்டறேன்னீங்க, அவன் வெறுங்கையோடல்ல நிக்கறான்!" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அவர்கள் போனபின் மறுபடி பார்த்தேன். உருண்டையின் நடுவே குறுக்காக, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, முத்தில் ஊசி குத்தினாற்போல ஒரு மெல்லிய கோடு. உற்றுப் பார்த்தால் இருக்கிறது, அசந்தால் இல்லை. லென்ஸில் கீறல் விழுந்திருக்கிறதென்று நினைக்கிறேன். சேலைத் தலைப்பால் துடைத்தும் போகவில்லை.

லென்ஸைத் திருகிக் கழற்றிப் பஞ்சில் சுற்றி மாரியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். வெல்லம் விற்க அவன் செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறான். கீறல்தானா, அதைப் போக்க வழி உண்டா என்று மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
பாவாயி

★

சேலம், செவ்வாய்ப்பேட்டை,
26-10-1936.

சௌபாக்கியவதி பாவாயிக்கு,

குழந்தைவேல் எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். மாரியப்பன் லென்ஸைக் கொடுத்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

லென்ஸை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இருட்டறையில் மெழுகுவத்தியைப் பக்கத்தில் வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கடைசியில் கேமராப் பெட்டியில் பொருத்திப் பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படம் பிடித்தேன். ஓர் எழுத்தின் கால்கூடச் சிதையவில்லை. என்னிடம் இருக்கும் எந்த லென்ஸும் இதன் பக்கத்தில் நிற்காது. பாவாயி, கண்ணாடியில் கீறல் இல்லை. நீ பார்த்த கோடு கண்ணாடியில் இருந்ததல்ல.

பிறகு எங்கே இருந்தது என்று எனக்கும் தெரியவில்லை. நேற்று காலேஜில் சயன்ஸ் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் குடும்பப் படம் எடுத்துக்கொள்ள வந்தார். அவரிடம் கேட்டேன். எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து என்னிடமே வந்துவிட்டார்.

"கோடு தெரிஞ்சுதுன்னா சொல்றீங்க? ஊசி மாதிரி?"

"ஆமாங்க."

"அதுதானய்யா வளையம்! தாம்பாளத்தை விளிம்பாப் புடிச்சா எப்படித் தெரியும்? இந்த வருஷம் அது நமக்கு விளிம்பைக் காட்டிக்கிட்டு நிக்குது. பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி. தையிலே அந்தக் கோடும் தெரியாமப் போயிரும். அப்புறம் வருஷா வருஷம் விரியும். பாத்தது யாரு?"

"எஞ் சம்சாரமுங்க" என்றேன்.

அந்த வார்த்தையை நான் வாயால் சொல்லி வெகு நாளாயிற்று.

லென்ஸைத் திரும்ப அனுப்புகிறேன். சேலைத் தலைப்பால் துடைக்காதே. மான்தோல் துண்டு ஒன்று கூட வைத்திருக்கிறேன். அதனால் துடை.

குழந்தைவேல்

★

எருமப்பட்டி,
3-12-1936.

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

லென்ஸும் மான்தோலும் பத்திரமாக வந்து சேர்ந்தன. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டினேன். அந்த வளையம் லட்சம் மைலுக்கு மேல் அகலம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதைப் போய் அழுக்கென்று நினைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். எதைத் துடைக்கப் பார்த்தேன் என்ற நினைப்பு இப்போதும் விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது நடுவில் நின்றுவிடுகிறேன். "அண்ணி, தண்ணி வழியுது" என்று மாரியப்பன் மனைவி சத்தம் போடுகிறாள்.

மணியக்காரரிடம் தாம்பாளத்தைக் கொண்டுபோய் விளிம்பாகப் பிடித்துக் காட்டினேன். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செரிங்க டீச்சர், விரியறப்பச் சொல்லுங்க. அதுவரைக்கும் நானும் உசுரோட இருக்கப் பாக்கறேன்" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

சம்சாரம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எழுதாமல் விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். எழுதிவிட்டதால் சொல்கிறேன். அன்றைக்கு உறவுக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் அத்தை, "ஒம்போது வருசமாச்சு, இவ வயித்துல ஒரு புழுப்பூச்சி இல்ல. எம் பையனுக்கு வேற பொண்ணு பாக்கோணும்" என்றார்கள். அத்தை சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். அவர்களுக்கு அவர்களுடைய ஏக்கம். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து நெகடிவில் பென்சில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்திலிருந்த அம்மைத் தழும்பை மறைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் நிமிரவே இல்லை. மறுநாள் பஸ் ஏறினேன்.

இது போகட்டும். ஒன்று கேட்கலாமா? இந்தக் குழாய் வழியாகத் தெரிவதைப் படம் பிடிக்க முடியுமா? நான் பார்த்ததைச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. எனக்கே காலையில் எழுந்தால் கனவு போலிருக்கிறது.

பாவாயி

★

சேலம்,
17-1-1937.

பாவாயிக்கு,

நீ எழுதியதற்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். வரவில்லை. ஆகையால் பெட்டியைச் செய்தேன்.

தேக்குப் பலகையில் செய்த சின்னப் பெட்டி. குழாயின் கண் வைக்கும் முனையில் மாட்டிக்கொள்ளலாம். பின்பக்கம் தேய்த்த கண்ணாடி வைத்திருக்கிறேன். முதலில் அதில் உருவம் விழும்படி திருகிச் சரிசெய். கூர்மையாக விழுந்ததும் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, படம் விழுகிற பிளேட் உள்ள சட்டத்தைச் செருகு. குழாயின் வாயைக் கறுப்பு அட்டையால் மூடி, சட்டத்தின் தகட்டை இழுத்துவிட்டு, ஆட்டமெல்லாம் அடங்கும் வரை பொறுத்திரு. பிறகு அட்டையை விலக்கி உடனே மூடிவிடு. கண் இமைக்கிற நேரம் போதும்.

முக்காலி ஆடும். மாரியப்பனை ஒரு கருங்கல் கால் நடச் சொல்லி அதில் குழாயைக் கட்டினால் நல்லது. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

சனியும் வியாழனும் படத்துக்கு மங்கல். வெள்ளியில் தொடங்கு. இப்போது சாயங்காலம் மேற்கே விளக்குப் போல நிற்கிறது, இங்கே மாடியிலிருந்து பார்க்கிறேன்.

பிளேட்டுகளை நானே இருட்டில் சட்டத்தில் போட்டு அனுப்பியிருக்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் வெளிச்சத்தில் திறக்காதே. படம் எடுத்ததும் அப்படியே பெட்டியில் வைத்து, பஸ் டிரைவர் தீர்த்தகிரியிடம் கொடுத்துவிடு. நம்பிக்கையான ஆள். கழுவுவது என் பொறுப்பு.

குழந்தைவேல்

★

எருமப்பட்டி,
28-2-1937.

அன்புள்ள உங்களுக்கு,

வெள்ளி முழுதாக இல்லை!

இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் சுகம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். மாசி மாதம் பிறந்தபோது பார்த்தேன். பாதி நிலாப் போல் இருந்தது. வெறுங்கண்ணுக்குக் குத்துகிற மாதிரி ஒளி வீசும் வெள்ளி, குழாயில் பாதி வெட்டிய எலுமிச்சம்பழம். இந்தத் தடவை நான் லென்ஸைக் கழற்றவில்லை. கண்ணாடியைச் சந்தேகப்படவில்லை. இரண்டு வாரம் விடாமல் பார்த்தேன். நாளுக்கு நாள் மெலிகிறது, மெலிய மெலியப் பெரிதாகிறது. இப்போது ஐந்தாம் பிறை. நம் ஊரில் எத்தனை பேர் அந்தி வெள்ளியைப் பார்த்து ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்! அது பிறையாக இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

வகுப்பில் சிமினி விளக்கை நடுவில் வைத்து, ஒரு பிள்ளையிடம் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துச் சுற்றி வரச் சொன்னேன். விளக்குக்கும் எங்களுக்கும் நடுவே வரும்போது பழத்தில் பிறை விழுந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அப்படியென்றால் வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே நுழைந்துகொண்டிருக்கிறது. நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது.

மாரியப்பன் முணுமுணுத்துக்கொண்டே கல் நட்டான். மாட்டுக் கொட்டகைக் கல். "இந்த யோசனை உனக்கா வந்துது?" என்றான். எனக்குத்தான் என்றேன். பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

படம் எடுப்பது எளிதாக இல்லை. வெயில் குடித்த தரையிலிருந்து ஆவி எழும்பி, அடுப்பில் கொதிக்கிற தண்ணீருக்குள் பார்ப்பது போல உருவம் நெளிகிறது. மத்தியானமே வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். கொஞ்சம் அடங்கியது. ஆறு பிளேட்டும் எடுத்துவிட்டேன். அட்டையை விலக்கி மூடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே என்ன விழுந்ததென்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாவாயி

★

சேலம்,
8-3-1937.

பாவாயிக்கு,

நல்ல சேதி எழுத முடியவில்லை. ஆறு பிளேட்டும் போய்விட்டன.

தீர்த்தகிரி பெட்டியைக் கொண்டுவந்தபோது நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அம்மா வாங்கியிருக்கிறாள். நான் வருவதற்குள் முற்றத்து வெயிலில் எல்லாவற்றையும் பிரித்து வைத்திருந்தாள். கழுவிப் பார்த்தேன். ஆறும் கன்னங்கரேலென்று வந்தன.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"சனியப் பாக்கறவ அனுப்புன பெட்டி. மந்திரமோ மாயமோன்னு தொறந்து பாத்தேன். வெறுங் கண்ணாடி" என்றாள்.

"அதுல வெள்ளி இருந்துச்சும்மா."

"வெள்ளியாவது தங்கமாவது! அதை உடு. ராசிபுரத்துக்காரங்க பொண்ணக் குடுக்கறங்கறாங்க. புதங்கிழமை வாராங்க. நீ ஒரு வார்த்தை சொல்லோணும்."

என் கையில் அந்தப் பிளேட்டுகள் இருந்தன. நீ தண்ணீர் தெளித்து, கல் நட்டு, மூச்சைப் பிடித்து எடுத்தவை. இத்தனை தூரம் வந்து என் வீட்டு முற்றத்தில் அழிந்துபோனவை.

"வேண்டாம்மா" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"கல்யாணம் வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

அம்மா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை. நானே ராசிபுரத்துக்குப் போய், அவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதுப் பிளேட்டுகள் அனுப்புகிறேன். காலேஜ் வாத்தியாரிடம் நீ வெள்ளியைப் பிறையாகப் பார்த்ததைச் சொன்னேன். சித்திரை பிறக்கும்போது அது சூரியனின் ஒளிக்குள் மறைந்துவிடும் என்கிறார். அதற்குள் எடுத்துவிடு. இனிமேல் பெட்டியை வீட்டில் கொடுக்க வேண்டாம் என்று தீர்த்தகிரியிடம் சொல்லியிருக்கிறேன். நானே பஸ்ஸடிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

குழந்தைவேல்

★

எருமப்பட்டி,
12-3-1937.

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்தேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தப்பும் தவறுமாகச் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

பிளேட்டுகள் போனால் போகட்டும். வானம் அங்கேயேதான் இருக்கிறது. பிறை இன்னும் மெலியட்டும், எடுக்கிறேன்.

பாவாயி

★

சேலம்,
9-4-1937.

பாவாயிக்கு,

விழுந்திருக்கிறது.

நேற்று பஸ்ஸடியில் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். கடையைச் சாத்திவிட்டு இருட்டறைக்குள் போனேன். முதல் பிளேட்டில் ஒன்றுமில்லை. அடுத்ததில் உருவம் ஓரத்தில் நகர்ந்து கோடாக இழுத்திருந்தது. நீ குழாயில் கை வைத்திருப்பாய். மூன்றாவதைத் தட்டில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் பிளேட் வெண்ணெய் நிறமாக இருந்தது. ஒன்றும் வரவில்லை. இதுவும் போயிற்று என்று நினைத்தபோது, நடுவில் ஒரு கறுப்புக் கீற்று. வெட்டிப் போட்ட நகத்துண்டைவிடச் சிறியது. இரண்டு முனையும் கூர்ந்து, யாரோ உள்ளேயிருந்து வரைகிறாற்போல மெல்ல மெல்லக் கறுத்தது.

பத்தொன்பது வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். எத்தனையோ முகங்கள் இந்தத் தட்டில் வந்துவிட்டன. மாப்பிள்ளைகள், மிட்டாதார்கள், செத்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படங்கள். எதற்கும் என் கை நின்றதில்லை. நேற்று நின்றுவிட்டது. என் தட்டில், என் மருந்துத் தண்ணீரில் இன்னோர் உலகம் மிதந்துகொண்டிருந்தது. அங்கே பட்ட வெயில் அத்தனை தூரம் வந்து, உன் வாசலில் நுழைந்து, பஸ் ஏறி, என்னிடம் வந்திருக்கிறது. படம் நிலைக்க ஹைப்போவில் போடக்கூடத் தோன்றாமல் நின்றேன். நல்ல வேளை, கெட்டுப்போவதற்குள் சுதாரித்துக்கொண்டேன்.

வெளியே வந்து யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. அம்மா சமையலறையில் இருந்தாள். காட்டவில்லை.

பெரிதாக்கிய பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். பாவாயி, நீ சேலத்துக்கு வந்துவிடு. அடுத்த தடவை அது தட்டில் எழும்பும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன்,
குழந்தைவேல்

★

எருமப்பட்டி,
22-4-1937.

அன்புள்ள மாமாவுக்கு,

படம் வந்தது. பள்ளிக்கூடத்தில் காட்டினேன். ஒரு பெண், "டீச்சர், இதை நீங்க வரையலையா? நெசமாவே அதுதானா?" என்று நாலைந்து தடவை கேட்டாள். நெசமாவே அதுதான் என்று நானும் நாலைந்து தடவை சொன்னேன். மாரியப்பன் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தான். "மச்சான் நல்லாக் கழுவியிருக்காரு" என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் உங்களைப் பற்றி வந்த முதல் வார்த்தை இது.

நீங்கள் கூப்பிட்டதைப் பல தடவை படித்தேன். வர வேண்டுமென்ற ஆசை இல்லாமலில்லை. ஆனால் நான் வர மாட்டேன், மாமா. உங்கள்மேல் எனக்கிருந்த மனக்குறை போய்விட்டது. நீங்கள் பேசிவிட்டீர்கள். அத்தை பேசியது மட்டும் அந்தக் கூடத்திலேயே நிற்கிறது. நாலு பேர் கேட்கச் சொன்ன சொல். அதை நீங்கள் எடுக்க முடியாது. சொன்னவர்கள்தான் எடுக்க முடியும். அவர்களை வற்புறுத்தவும் கூடாது. அவர்கள் பெற்ற மகனோடு இருக்கட்டும். நான் என் பள்ளிக்கூடத்தோடு இருக்கிறேன்.

வெள்ளி சூரியனுக்குள் போய்விட்டது. கோடை மேகம் தினமும் கொல்லிமலையிலிருந்து இறங்குகிறது. வானத்தில் எழுத ஒன்றுமில்லாதபோது நான் எழுதவில்லையென்றால் தப்பாக நினைக்க வேண்டாம்.

பாவாயி

★

எருமப்பட்டி,
4-10-1937.

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத மாட்டேன் என்றிருந்தேன். வைகாசியில் நீங்கள் எழுதியதற்கும் ஆடியில் எழுதியதற்கும் பதில் போடவில்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வளையம் திறந்துவிட்டது. அகலமாக இல்லை. கதவை ஒருக்களித்து வைத்தாற்போலத்தான். ஆனால் இரண்டு பக்கமும் உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கறுப்பாக ஆகாயம் தெரிகிறது. ஒன்றிலும் ஒட்டாமல், யாரும் பிடிக்காமல், அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. போன வருஷம் முழுதும் அது இருந்தது. நாங்கள் இல்லையென்று சிரித்துக்கொண்டிருந்தபோதும் இருந்தது.

மணியக்காரரைக் கூப்பிட்டனுப்பினேன். குனிந்து பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "அடேயப்பா... போட்டுக்கிட்டு வந்துட்டானுங்களே!" என்றார். போகும்போது சனி நின்ற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பயந்து போட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பாவாயி

★

சேலம்,
21-10-1937.

பாவாயிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலை ஓடவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி இருக்கிறது. என்னோடு இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறாள். நீ சித்திரையில் எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. நீ வற்புறுத்தக் கூடாது என்றிருந்தாய்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். உன் வெள்ளிப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையின் முன் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் மாப்பிள்ளைப் படங்களை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கிறார்கள். நேற்று நான் இருட்டறையில் இருந்தேன். அம்மா சாப்பாடு கொண்டுவந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர், "என்னம்மா இது, மூணாம் பிறையா?" என்று கேட்டார்.

"பிறையில்லீங்க. வெள்ளி. எம் மருமவ புடிச்சது" என்றாள் அம்மா.

கையில் ஈரப் பிளேட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. வந்தால் அவள் அதற்குமேல் பேசமாட்டாள் என்று தெரியும்.

"அது நம்மளச் சுத்தறதில்லையாமா. சூரியனச் சுத்துதாமா. அவ எழுதியிருக்கறாளாம்" என்று இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாத்தியாரிடம் பேசியதையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறாள் போலும்.

குழந்தைவேல்

★

எருமப்பட்டி,
10-11-1937.

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை இங்கே இருக்கிறார்கள். பதற வேண்டாம். சுகமாக இருக்கிறார்கள். இதைத் தீர்த்தகிரியின் பஸ்ஸிலேயே காலையில் கொடுத்தனுப்புகிறேன்.

மத்தியான பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார்கள். தூறலில் நனைந்துகொண்டு வாசலில் நின்றார்கள். மாரியப்பன் உள்ளே போய்விட்டான். அவன் மனைவிதான் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்கள்.

"அவஞ் சொல்லி வரல. கடைவீதிக்குப் போறன்னு சொல்லிப்போட்டு வந்தேன். அந்தக் கொழாய எனக்குக் காட்டு" என்றார்கள். அவ்வளவுதான். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன், சாப்பிட வைத்தேன்.

சாயங்காலம் மழை விட்டு, மேற்கில் சிவப்பு இருக்கும்போதே பாதி நிலா தலைக்கு நேரே வந்திருந்தது. மணியக்காரரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். குழாயின் கீழ்முனைக்குக் குனிய அத்தையின் மூட்டு இடம் கொடுக்கவில்லை. மாரியப்பன் அப்போதுதான் வெளியே வந்தான். முறுக்கிக்கொண்ட முகத்தோடு, உட்கார ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுப் பிடித்துக்கொண்டான். எந்தக் கண்ணை மூடுவதென்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, "ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். நான் என் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைத்தேன். அவர்கள் மூச்சு மட்டும் என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"குழி குழியா இருக்குது... கல்லு. மலை. நெழல்கூட உழுது." மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் திடீரென்று பின்வாங்கினார்கள். "ஐயோ, ஓடுது! நான் தொடலையே!"

"நீங்க தொடலைங்க அத்தை. குழாய் நின்ன இடத்துலயேதான் நிக்குது. நாமதான் நகர்றோம். பூமி சுத்துதில்லீங்களா, அதுதான் தெரியுது."

"இப்பவா?"

"இப்பத்தானுங்க."

அத்தை மறுபடி கண்ணை வைத்தார்கள். நிலா ஓரத்துக்குப் போய் விலகி மறையும் வரை பார்த்தார்கள். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, ஈரத் தரையென்றும் பாராமல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டார்கள். ஓடுகிற வண்டியில் பிடித்துக்கொள்வதைப் போல. ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தேன். ஒரு வருஷமாக இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இன்றைக்குத்தான் எனக்குத் தலை சுற்றியது.

"இத்தன வருசமாச் சுத்திக்கிட்டே இருந்துச்சா? இது மேல நின்னுக்கிட்டா அந்தப் பேச்செல்லாம் பேசினேன்?" என்றார்கள். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். "நாலு பேரு இருக்கயில இவள ஒரு வார்த்தை சொன்னேன். இப்பவும் நாலு பேரு இருக்கீங்க. கேட்டுக்கங்க. அத நான் எடுத்துக்கறேன்."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மாமா. தானாகச் சொன்னார்கள். மாரியப்பன் விறுவிறுவென்று தோட்டத்துப் பக்கம் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். இளநீர் வெட்டிக்கொண்டு வந்து, "குடிங்க அத்தை" என்று நீட்டினான்.

இப்போது உள்ளே படுத்திருக்கிறார்கள். நாளைக்குப் பஸ் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "நெலா நெறையற வரைக்கும் இருக்கறேன். என்ன, சோறு போட மாட்டயா?" என்றார்கள்.

அவர்களை அழைத்துப் போக வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அப்படி எழுத மனமில்லை. நாமக்கல்லில் நல்லதாக ஒரு போட்டோக் கடை இல்லையாம். கோட்டைக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று மணியக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். இங்கிருந்து தினமும் போய் வந்துவிடலாம்.

நீங்கள் இதுவரை ஒரு தடவைகூட இந்தக் குழாயில் கண் வைத்ததில்லை. வரும்போது இருட்டறைச் சாமானையும் கட்டிக்கொண்டு வாருங்கள். காலைப் பஸ்ஸில் வந்து மறுநாள் பஸ்ஸில் திரும்புகிற மாதிரி வர வேண்டாம். தங்குகிற மாதிரி வாருங்கள்.

உங்கள்,
பாவாயி